இடது தோள் என்றுதான் அவள் சொன்னாள்

இப்போது கடையில் தைக்கிற நீங்கள் மூன்று பேரும் கேட்டது வேறு கேள்வி. கவுனின் தோளில் வைக்கிற துணி முடிச்சு, மேடை ஏறி இறங்கும்வரை தொங்காமல் நிற்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அதை ஜெசிந்தாவிடம் கேளுங்கள். உள்ளே கேன்வாஸ் எத்தனை மடிப்பு, ஓரத்துக்குக் கம்பியா பிரம்பா, எல்லாவற்றையும் கையோடு செய்து காட்டுவாள். என்னைக் கேட்டால் ஒன்றுதான் சொல்வேன். இந்த ஊரில் கஞ்சியை நம்பாதீர்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏரிக்குப் போவதற்குள் மேகம் இறங்கிவிட்டால், கஞ்சி போட்டு விறைத்த துணி நமுத்த அப்பளம் மாதிரி ஆகிவிடும்.

நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றை. வேலையை விட்டு வீட்டில் இருக்கிற மனுஷி எழுதினால் கடைசியில் ஒரு பாடம் இருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். இருந்தால் எனக்கும் நல்லதுதான். ஆனால் இந்த விஷயத்தில் நான் செய்தது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. ஒரு நாள் தப்பு என்று படுகிறது. மறுநாள் காபி குடிக்கும்போது, வேறு என்னத்தைச் செய்திருக்க முடியும் என்று படுகிறது. ஜெசிந்தாவிடம் பேச்செடுத்தால், "இன்னுமாடி அதையே போட்டு உருட்டிக்கிட்டு இருக்க?" என்பாள். அவளும் உருட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். எனக்குத் தெரியாதா.

என்னை அதிகம் பார்த்திராத புதுப் பிள்ளைக்காகச் சொல்கிறேன். நான் பழனிக்காரி. எங்கள் அப்பா காவடித் துணி தைத்தார். பாலசமுத்திரம் பக்கம் சின்னச் சின்னக் கோயில்களில் சாமிக்கு உடுப்பும் தைத்துக் கொடுப்பார். சாமிக்கு அளவெடுக்கும்போது எதிரில் நின்றுதான் எடுக்க முடியும், பின்னால் போய் நிற்க இடம் இருக்காது. அதனால் எங்கள் வீட்டில் வலது என்றால் பார்க்கிறவருடைய வலது. சாமிக்கு அது இடது. பிறந்ததிலிருந்து இப்படியே கேட்டு வளர்ந்தவள் நான். கல்யாணமாகிக் கொடைக்கானல் வந்து ஜெசிந்தாவோடு சேர்ந்து கடை போட்டேன். அவள் கான்வென்ட்டில் தையல் படித்தவள். அவளுக்கு வலது என்றால் போட்டிருப்பவருடைய வலது, அவ்வளவுதான், அதில் பேச்சே கிடையாது.

இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் முதல் வருஷம் ஓட்டினோம். ஒரு பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி வந்தது. பட்டாளத்துக்காரர் வேஷம், சட்டை முழுக்க மெடல். "மெடல் இடது மார்ல" என்று ஜெசிந்தா சீட்டில் எழுதி வைத்திருந்தாள். நான் எதிரில் நின்று எனக்கு இடது எதுவோ அங்கே தைத்துவிட்டேன். பார்க்க வந்த பெரியவர் ஒருவர் நிஜமாகவே பட்டாளத்தில் இருந்தவர். விருட்டென்று எழுந்து, "மெடல எந்தப் பக்கம் குத்துறதுன்னு தெரியாதா? இதென்ன கூத்தா?" என்று சத்தம் போட்டார். மாறுவேடப் போட்டி, கூத்துதானே என்று எனக்கு வாய் வரை வந்தது. ஜெசிந்தா என் கையைக் கிள்ளி உட்கார வைத்தாள்.

அன்றிலிருந்து கடையில் ஒரு சட்டம். சீட்டில் எழுதுவது எப்போதும் போடுகிறவர் பக்கம். நானும் திருந்தினேன். திருந்தினது மட்டுமில்லை, மற்றவர்கள் செய்கிற இடது வலது தப்பைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரியாகிவிட்டேன். செல்போன் வந்த பிறகு அந்தத் தப்பு பெருகிப்போனது. கண்ணாடி முன்னால் நின்று படம் எடுத்து அனுப்புவார்கள். சில போனில் படம் திரும்பி விழும், சில போனில் விழாது. "அக்கா, பூ இந்தப் பக்கம்" என்று வட்டம் போட்டிருப்பார்கள், கேட்டால் அந்தப் பக்கமாக இருக்கும். சீசனுக்கு நாலைந்து பேரையாவது நான் பிடித்துத் திருத்தியிருக்கிறேன். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

அந்தப் பெருமையோடு நான் இருந்த ஒரு சீசனில்தான் பவித்ரா வந்தாள். கூக்கால் கிராமத்துப் பிள்ளை. வீட்டில் பூண்டு விவசாயம். இங்கே ஹாஸ்டலில் தங்கிக் காலேஜ் படித்தாள். ஒரு ஓட்டல் ஹாலில் சீசனுக்காக அழகிப் போட்டி வைத்தார்கள், அதில் பேர் கொடுத்திருந்தாள். ஒற்றைத் தோள் கவுன், கத்தரிப்பூ நிறத்தில் சாட்டின். பட்டை வருகிற தோளின் மேல் முறம் அகலத்துக்கு ஒரு முடிச்சு. நீங்கள் 'போ' என்கிறீர்கள், எங்கள் கடையில் அதற்குப் பேர் பட்டாம்பூச்சி.

"இடது தோள்லக்கா" என்றாள். நான் எழுதினேன். சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இடதுதான்க்கா" என்று இன்னொரு தடவையும் சொன்னாள். குளிர் நாள். ஸ்வெட்டரைக் கழற்றாமலே ஜெசிந்தா அளவெடுத்தாள். மறுநாள் கண்ணாடி முன்னால் நின்று எடுத்த படம் ஒன்று போனில் வந்தது, தோளில் வட்டம் போட்டு. அது எந்தத் தோள் என்று அந்தப் படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

நாலு நாள் கழித்து அவளுடைய அம்மா வந்தார். டவுனில் பூண்டு மூட்டை போட வந்தவர் அப்படியே கடைக்கு ஏறியிருந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினார்.

"நான் வந்தது அவளுக்குத் தெரிய வேணாங்கக்கா. சின்னதுல அவ வலது தோள்ல வெந்நி கொட்டிருச்சு. இம்புட்டு அகலத்துக்குத் தழும்பு கெடக்கு. பூவோ என்னமோ வைக்கிறீகளாம்ல, அது அங்கன வந்து மூடிக்கிற மாதிரி பாத்துக்கங்க. சபையில நிக்கப் போறவ."

"கவலையே படாதீங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்றேன்.

அவர் படி இறங்கியதும் சீட்டை எடுத்துப் பார்த்தேன். இடது என்று இருந்தது. ஆகா, இந்தப் பிள்ளையும் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறது, நல்லவேளை அம்மா வந்தார் என்று நினைத்தேன். தழும்பு இருக்கிற பிள்ளை தோளில் முறம் அகலத்துக்குப் பட்டாம்பூச்சி கேட்டால் அது எதற்காக இருக்கும்? பேனாவை எடுத்து இடதை அடித்து வலது என்று எழுதினேன்.

ஜெசிந்தா கத்தரியை வைத்துவிட்டு, "அவள ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள்.

"இதப் போய்க் கேக்க முடியுமாடி? உனக்குத் தழும்பு இருக்காமேன்னு கேட்டா அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? அவுக அம்மா வந்ததையும் சொல்ல வேணாங்கிறாக."

"எந்தப் பக்கம்னு மட்டும் கேளு."

சரி என்று போன் போட்டேன். லீவுக்கு ஊருக்குப் போயிருந்தாள், கூக்காலில் டவர் கிடைக்கவில்லை. ஒரு தடவைதான் போட்டேன். கிடைக்காமல் போனதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி என்பதுதான் நிஜம். அப்புறம் போடவில்லை. கவுனைப் போட்டுப் பார்க்க வருகிறேன் என்று அவள் சொல்லியிருந்த நாளில் மழை பிடித்துக்கொண்டது. மரம் விழுந்து, இருக்கிற ஒரு பஸ்ஸும் வரவில்லை.

நாங்களும் தைத்து முடித்தோம். அதை எப்படிச் சொல்ல! உள்ளே கம்பிக்குப் பதிலாகக் காவடிக்கு வளைக்கிற மாதிரி பிரம்பைச் சீவி வைத்திருந்தேன். இரண்டு இறக்கையும் அப்படியே எழும்பி நின்றன. நானும் ஜெசிந்தாவும் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்று அமைந்ததில்லை.

போட்டி அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு. ஓட்டலில் நாற்காலியும் மேஜை விரிப்பும் அடுக்கி வைக்கிற அறையைத்தான் உடை மாற்ற ஒதுக்கியிருந்தார்கள். சீசன் நெரிசலில் மாட்டி அவள் வந்து சேர ஐந்தேகால் ஆகிவிட்டது. அம்மாவோடு மூச்சு வாங்க வந்தவளுக்கு வெரசா கவுனை மாட்டி விட்டோம். முதல் தடவையாக அப்போதுதான் அந்தத் தோளைப் பார்த்தேன். தோள் மேட்டிலிருந்து கைப்பக்கமாகச் சுருங்கி, மினுமினுவென்று இருந்தது. நான் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டு, ஜிப்பை ஏற்றி, பட்டாம்பூச்சியை நிமிர்த்தி விட்டேன்.

அவள் கண்ணாடியில் பார்த்தாள். "அக்கா, நான் இடதுன்னுல்ல சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு. இதற்காகவே காத்திருந்த மாதிரி ஆரம்பித்தேன். "அதுதான் பாப்பா, எல்லாரும் செய்யிற தப்பு. கண்ணாடியில பாத்தா வலது இடது மாறித் தெரியும். நீ படத்தப் பாத்துச் சொல்லிட்ட. நான்தான் கண்டுபுடிச்சு..."

"எனக்கு இடது வலது தெரியும்க்கா."

அதட்டிச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். வலது தோளை மூடி நின்ற பட்டாம்பூச்சியைத் தொட்டுப் பார்த்தாள்.

"தழும்பு இருக்குன்னு யார் சொன்னா?" என்று கேட்டாள். கதவோரம் நின்ற அவள் அம்மாவைப் பார்த்துவிட்டேன். அவளும் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மூடணும்னு நான் எப்பக்கா கேட்டேன்? இந்தத் தோல் மேல முரட்டுத் துணி எது உரசினாலும் அரை மணி நேரத்துல கொப்புளம் வந்துரும். பைகூட இந்தப் பக்கம் மாட்ட மாட்டேன். வெறும் தோளா விட்டா ஒண்ணும் செய்யாது. அதுக்குத்தான் பட்டை, பட்டாம்பூச்சி எல்லாம் இடது பக்கம் வேணும்னேன்."

"பாக்கிறவங்க..." என்று நான் இழுத்தேன்.

"பாத்தா பாக்கட்டும். அதுக்கு என்ன இப்ப?"

யோசித்துப் பாருங்கள். முப்பது வருஷத்துக்கு மேல் பெண்களின் தோளை அளந்தவள் நான். அவள் கடைக்கு வந்த ஒவ்வொரு தடவையும் கனமான பையை இடது தோளில்தான் போட்டிருந்தாள். எதிரில் நின்று பார்த்தும் என் கண்ணில் அது படவில்லை. வலி என்று ஒன்று இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை. தழும்பு என்றதும் வெட்கம் என்று நானாக முடிவு கட்டிவிட்டேன்.

ஜெசிந்தா அதற்குள் தையலைப் புரட்டிப் பார்த்துவிட்டாள். அவள் மூளை அப்படி. "பட்டைய எடம் மாத்த நேரமில்ல. பட்டாம்பூச்சியப் பிரிச்சு இடுப்புல இடது பக்கம் வச்சுத் தச்சிரலாம். பட்டையில வெறும் சாட்டின்தான், உரசாது. தழும்பு பாதி தெரியும். அர மணி நேரம் போதும்."

பவித்ரா உடனே தலையாட்டினாள். நான் பிளேடை எடுத்துவிட்டேன். அப்போதுதான் அவள் அம்மா உள்ளே வந்து என் கையைப் பிடித்தார்.

"வேணாங்கக்கா. அப்படியே இருக்கட்டும்." மகளைப் பார்த்து, "மாமா வீட்டு ஆளுகெல்லாம் வந்து உக்காந்திருக்காகத்தா" என்றார்.

"வந்தா என்னம்மா?"

"அன்னைக்கி வெந்நிப் பானைய நடையில எறக்கி வச்சது நான்தான். சோலி பாத்துக்கிட்டு இருந்தேன், நீ வந்ததப் பாக்கல. இம்புட்டுப் பேருக்கு முன்னாடி அதக் காட்டிக்கிட்டு நிக்காதடி. என்னால அத உக்காந்து பாக்க முடியாது." சொல்லும்போதே உடைந்துவிட்டார். நாற்காலி அடுக்கைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதார்.

பவித்ரா அம்மாவைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். "சரி, இருக்கட்டும்க்கா" என்றாள்.

"ஏய், முடிவ நீ சொல்லு" என்றாள் ஜெசிந்தா என்னிடம். "மாத்தினவ நீதான. வெரசா சொல்லு."

பிள்ளைகளா, இதை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கையில் பிளேடு, எதிரில் அழுகிற தாய், சரி என்று சொல்லிவிட்ட மகள். போடுகிறவளே சரி என்கிறாளே, இனி நமக்கென்ன என்று ஒரு மனசு. அம்மா அழுததால் சொன்ன சரி அது, அவள் வாய்தான் சொன்னது என்று இன்னொரு மனசு. அவசரத்தில் பிரித்துத் தைத்து மேடையில் கழன்று விழுந்தால் என்ன ஆகும் என்று ஒரு பயம். இதெல்லாம் நிஜம். ஆனால் இன்னொன்றும் இருந்தது, எழுத வெட்கமாக இருக்கிறது. அந்தப் பட்டாம்பூச்சி தோளில்தான் எடுப்பாக இருந்தது. இடுப்பில் வைத்தால் ஏதோ ஒரு ரிப்பன். எங்கள் கையில் அமைந்த நல்ல வேலை ஒன்று, ஒருவரும் பார்க்காமல் போய்விடுமே என்று எனக்கு இருந்தது. நான் பிளேடை வைத்தது எதனால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"இருக்கட்டும்" என்றேன்.

நான் கட்டியிருந்த மெல்லிய வாயில் பருத்திச் சேலையின் முந்தானையில் ஒரு சாண் கிழித்து, மடித்து, கேன்வாஸுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துத் தைத்தேன். "இப்ப வலிக்குதா?" என்று கேட்டேன். "இல்லக்கா" என்றாள். வேறு என்ன சொல்வாள்?

மேடையில் நன்றாக நடந்தாள். வலது தோளைக் கொஞ்சம் தூக்கி, கழுத்தை லேசாகச் சாய்த்து நடந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "என்னா ஸ்டைலு பாரு!" என்றார். எனக்கும் ஜெசிந்தாவுக்கும் மட்டும்தான் அது ஸ்டைல் இல்லை என்று தெரியும். ஜெசிந்தா என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. பவித்ராவுக்கு இரண்டாம் பரிசு. அவள் அம்மா எழுந்து நின்று கை தட்டினார்.

முடிந்து அறைக்கு வந்து கழற்றும்போது அந்தச் சேலைத் துணி தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் தொட்டுத் தொட்டுத்தான் எடுக்க முடிந்தது. கொப்புளம் உடைந்து வரிசையாகச் சிவந்திருந்தது.

"சொன்னேன்லக்கா" என்றாள் பவித்ரா. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். களைப்பாகச் சொன்னாள்.

அவள் அம்மா என்னை விலக்கிவிட்டு, குனிந்து அந்தத் தோளில் வாயால் ஊதினார். கைப்பிள்ளைக்கு ஊதுவது போல் ஊதிக்கொண்டே இருந்தார். அவளும் அம்மாவின் மேல் சாய்ந்துகொண்டாள். இரண்டு பேரும் சிரித்தார்களா அழுதார்களா என்று எனக்கு விளங்கவில்லை. பத்து நிமிஷம் கழித்துக் கையில் பரிசைப் பிடித்துக்கொண்டு மாமா வீட்டாரோடு சேர்ந்து படம் எடுத்தாள், அதில் நன்றாகவே சிரித்தாள். இதைப் பார்த்துவிட்டு நான் என்ன முடிவுக்கு வருவது?

அடுத்த வாரமே "அதே மாதிரி பட்டாம்பூச்சி" கேட்டு மூன்று பேர் வந்தார்கள். எனக்கும் ஜெசிந்தாவுக்கும் சண்டை. "பிரிச்சிருந்தா அம்மாவும் மகளும் அன்னைக்கி மொகம் பாக்காமப் போயிருப்பாகடி" என்பேன் நான். "பிரிக்காததுனால பிள்ளைக்குத் தோல் போச்சே" என்பாள் அவள். ஒரு மாதம் போனால் கட்சி மாறிவிடும். நான் பிரித்திருக்க வேண்டும் என்பேன், அவள் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தாயா என்பாள். இப்படியே பேசிப் பேசி, யார் எந்தப் பக்கம் என்பதே எங்களுக்கு மறந்துபோய்விட்டது. ஒன்றில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போனோம். போன் கிடைக்காத அன்றைக்கு நான் மறுபடியும் போட்டிருக்க வேண்டும். அன்று கேட்டிருந்தால் அந்த அறையில் ஒருவரும் எதையும் முடிவு பண்ண வேண்டியிருந்திருக்காது.

ஒன்றரை வருஷம் கழித்து அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, ஜாக்கெட் தைக்க அம்மாவும் மகளும் வந்தார்கள். வேறு கடைக்குப் போகாமல் எங்களிடமே வந்தது எனக்கு ஆச்சரியம். சந்தோஷமும்தான். நோட்டை எடுத்துக்கொண்டு ஆர்வமாக உட்கார்ந்தேன். "சொல்லு தாயி. கழுத்து எப்படி? கை எவ்வளவு? ஆரி வேலை எங்கெங்க வேணும்?"

"அம்மாகிட்டக் கேளுங்கக்கா. அவுக சொல்றபடி தைங்க."

எனக்குச் சுருக்கென்றது. எனக்கு இடது வலது தெரியும் என்று சொன்ன பிள்ளை! அம்மா பாட்டுக்கு ஆசையாக அடுக்கிக்கொண்டே போனார். இரண்டு தோளிலும் அடர்த்தியாக வேலைப்பாடு, கல், ஜரிகை நூல், முதுகில் மயில். பவித்ரா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் பென்சிலை வைத்தேன். "லைனிங் துணி கலர் பாத்து நீங்களே எடுத்துட்டு வந்துருங்க. மூணாவது கடை. கடக்காரர் எதையாச்சும் குடுத்துருவார், பகல் வெளிச்சத்துல வச்சுப் பாத்து வாங்குங்க" என்று அம்மாவை அனுப்பினேன். திரையை இழுத்துவிட்டேன். ஜெசிந்தா மெஷினை நிறுத்தினாள்.

"இப்ப சொல்லு."

"அதான் அம்மா சொல்லிட்டாகளே."

"அவுக சொன்னத அவுக ஜாக்கெட்டுக்கு எழுதிக்கிறேன். இது உனக்கு."

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று ஜெசிந்தாவைக் கேளுங்கள்.

"வலது தோள்ல வேலை வேணாம்க்கா" என்றாள் கடைசியில். "அடியில நூல் முடிச்செல்லாம் அறுக்கும். வெறும் துணியே போதும்."

"சேலை மடிப்பு இடது தோள் மேல போயிரும் பாப்பா. வலது தோள்தான் எல்லார் கண்ணுலயும் படும். ஒரு பக்கம் வேலை, ஒரு பக்கம் மொட்டையா இருக்கும். தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரிஞ்சுதான்."

"இத அம்மாகிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"தோளுன்னு ஆரம்பிச்சாலே அழுதுருவாகக்கா. அதான் சொல்றதே இல்ல."

அவள் சொன்னதை அவள் முன்னாலேயே எழுதி, வாசித்துக் காட்டினேன். அம்மா லைனிங் துணியோடு வந்து, "என்னங்கக்கா சொன்னா?" என்று கேட்டார். "அளவு சொன்னா" என்றேன். அது பொய்தான். பெற்றவளிடம் மறைத்துக் கல்யாண ஜாக்கெட் தைக்கலாமா? தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை, ஆனாலும் அவள் சொன்னபடியேதான் தைத்தேன்.

வாங்கிப்போக அம்மா மட்டும் வந்தார். விரித்துப் பார்த்ததும் முகம் மாறியது.

"என்னக்கா இது, பாதியில நிக்குது?"

"உங்க மக கேட்டது இப்படித்தான்மா. வேலைப்பாடு போட்டா அடிப்பக்கம் அறுக்குதாம். அந்தத் தோல் தாங்காதாம்."

திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. ஜாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்பினார். வேலைப்பாடு இருந்த இடது தோளின் அடியில் விரலை வைத்துத் தடவினார். நூல் முடிச்சுகள் விரலில் நெருடின. மறுபடியும் தடவினார். அப்புறம் ஒன்றுமில்லாத வலது தோளைத் தடவினார்.

"அன்னைக்கிப் பட்டாம்பூச்சி உரசுனதுனாலதான் கொப்புளம்னு இருந்தேன். பள்ளிக்கூடம் போறதுல இருந்து அவளுக்குச் சட்டையெல்லாம் நான்தாங்கக்கா எடுத்துக் குடுத்தேன்" என்றார். "நைலான், நெட்டு, சம்க்கி வச்சது, குளிருக்குக் கம்பளிச் சட்டை. எதைக் குடுத்தாலும் வாங்கிப் போட்டுக்கிருவா. ஒரு நாளும் குத்துதுன்னு சொன்னதில்லையே."

ஜெசிந்தாவைப் பார்த்தேன், அவள் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி குனிந்துகொண்டாள். நான் ஜாக்கெட்டை வாங்கி, சரியான பக்கமாகத் திருப்பி, மடித்து அவர் பையில் வைத்துக் கொடுத்தேன்.